தொண்ணூற்றெட்டு கிலோ அச்சு

ஏத்தக்கல் ஊர் மந்தைத் திடலில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் எதிரே, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பைரவனின் பின்னச்சு முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு நாய்கள்கூட எழுந்து ஓடின. டீக்கடை பெஞ்சில் இருந்த மனிதர்கள் மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பைரவன் என்பது ஒரு வண்டி. வடக்கே எங்கோ ஒரு கம்பெனி ‘பைரவ்’ என்று பெயர் வைத்து ஆயிரத்துச் சொச்சம் வண்டி செய்துவிட்டு, இருபத்தேழு வருஷத்துக்கு முன்பே கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. அதில் ஒன்று கைமாறிக் கைமாறி ஒச்சம்மாவிடம் வந்து சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. ஏத்தக்கல்லுக்கு ஏறும் எட்டுக் கிலோமீட்டர் மலைப்பாதையில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அல்லாமல் வேறெதுவும் ஏறாது, அப்படி இழுக்கிற வண்டி அந்த ஊருக்கு அது ஒன்றுதான், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் ஒச்சம்மா ஒருத்திதான். ரேஷன் அரிசி அதில் ஏறியது, கேஸ் சிலிண்டர் ஏறியது, ஏலக்காய் மூட்டை இறங்கியது, பெண்கள் பிரசவ வலியோடு இறங்கிக் குழந்தையோடு ஏறினார்கள், கீழே ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர்கள் சீட்டுகளுக்கு நடுவில் பாயில் சுருட்டப்பட்டு ஏறினார்கள். பைரவனில் கால் வைக்காத ஆள் அந்த ஊரில் கிடையாது.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அது வேறு யாருக்கும் கிடையாது. ஒச்சம்மாவின் கணவன் காசிமாயனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் டவுன் பெரியாஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தால்தான் அவனுக்கு மூச்சு. மெஷினில் போடுவதற்கு முன்னும் பின்னும் நர்ஸ் அவனை எடை பார்க்கிற மேடையில் நிறுத்தி, வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கிலோவைச் சொல்லி நோட்டில் எழுதுவாள். மற்ற ஆண்கள் வயதை ஞாபகம் வைத்திருப்பதுபோல அவன் தன் எடையை ஞாபகம் வைத்திருந்தான். ஐம்பது. தண்ணீர் கோத்தால் ஐம்பத்திரண்டு.

அச்சு முறிந்ததும் ஒச்சம்மா சாக்கை விரித்து வண்டிக்கடியில் போய்ப் பார்த்தாள். பின்சக்கரம் இரண்டையும் சேர்க்கிற இரும்புக் குழாய், நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற குண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாய் பிளந்திருந்தது. இரண்டு வாயிலிருந்தும் கியர் ஆயில் வழிந்தது. வாளி வைத்தாள், நிறைந்தது. இன்னொரு வாளி வைத்தாள், அதுவும் நிறைந்தது. அந்தக் குண்டுக்குள் மொத்தமே இரண்டு லிட்டர்தான் பிடிக்கும். பொழுது சாய்வதற்குள் இரண்டு டிரம் நிரம்பி, மிச்சம் மந்தையில் வாய்க்காலாக ஓட ஆரம்பித்தது. இது எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை, வெள்ளிக்கிழமை எப்படிப் போவது என்று யோசித்தாள்.

கியர் ஆயிலின் நாற்றம் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அழுகின முட்டையும் கருகின மயிரும் சேர்ந்த நாற்றம், நாக்கில் போய்ப் படிகிற நாற்றம், சோப்புப் போட்டுக் கழுவினால் சோப்பையும் நாறடிக்கிற நாற்றம். பதினோரு வருஷம் அதோடு புழங்கிய ஒச்சம்மாவுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை டீக்கடை மொக்கராசு பால் கேனோடு அந்த வாய்க்காலில் வழுக்கி விழுந்தார். ஆறு வருஷமாக மடங்கினது மடங்கினபடியே இருந்த அவருடைய வலது முழங்கால், எண்ணெயில் ஊறி எழுந்தபோது நேராகிவிட்டது. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார், பால் காய்ந்த பிறகுதான் தான் நொண்டவில்லை என்பதைக் கவனித்தார். பத்து மணிக்கெல்லாம் ஊரில் முழங்கால் வலி உள்ளவர்கள் அத்தனை பேரும் சேலையையும் வேட்டியையும் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பைரவனின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நடந்தார்கள். மலை ஏறி இறங்கியே தேய்ந்துபோன ஊர் அது, நல்ல முழங்கால் என்று அங்கே யாருக்கும் இருந்ததில்லை. ஆக மதியத்துக்குள் ஏத்தக்கல் மொத்தமும் நிமிர்ந்து நடந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, எங்கே பாட்டில் கிடைக்கும் என்றுதான் தேடினார்கள்.

ஒரு வாரத்துக்குள் அதைக் கியர் ஆயில் என்று சொல்வதையே ஊர் விட்டுவிட்டது, தைலம் என்றது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தவசி, பதவி போய் ஒன்பது வருஷம் ஆகியும் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறவர், தைலக் கமிட்டி என்று ஒன்றை உண்டாக்கி அதற்கும் தானே பிரசிடெண்ட் ஆனார். வண்டிக்குப் பந்தல் போட்டார்கள். பந்தலும் பின்பாதிக்கு மட்டும்தான், ஒச்சம்மா உட்கார்ந்து ஓட்டுகிற முன்பாதி வெயிலிலேயே நின்றது. பின்னச்சுக்கு மஞ்சள் பூசினார்கள், மாலை போட்டார்கள். பெண்கள் தைலத்தைத் தலைக்குத் தேய்த்தார்கள், கைக்குழந்தைகளின் உச்சியில் வைத்தார்கள், மாப்பிள்ளைகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காதோரம் தடவிக்கொண்டார்கள். மொக்கராசு அதில் வடை சுட்டார். கறுப்பாக, ஓட்டைக்குள் நுரை தளும்ப, கந்தகம் மணக்கிற அந்த வடையை ஆளுக்கு நாலு வாங்கித் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே ‘இந்த வாசம் வேற எதுக்கும் வராதுய்யா’ என்றார்கள். ஒச்சம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

அதைவிட அசிங்கம் ஒன்று நடந்தது. வலது பக்க வாயிலிருந்து வருவது மேலத்தெருவுக்கு, இடது பக்க வாயிலிருந்து வருவது கீழத்தெருவுக்கு என்று இரண்டாம் நாளே யாரும் சொல்லாமலே இரண்டு வரிசை நின்றுவிட்டது. இரண்டும் ஒரே குண்டுக்குள்ளிருந்து வருகிற எண்ணெய். ஆனால் மேலத்தெரு ஆள் இடது பக்கத் தைலம் பட்ட கையைச் சாணி மிதித்தவன் மாதிரி உதறினார், கீழத்தெருக்காரர்கள் வலது பக்கத்தில் வீரியம் கம்மி என்று பேசிச் சிரித்தார்கள், நடுவில் கயிறு கட்டினார்கள், கயிறு ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விட்டது இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தினமும் சண்டை போட்டார்கள். கால் சரியாகிவிட்டதால் சண்டைக்கு ஓடி வருவதும் சுலபமாக இருந்தது.

காசிமாயன் கதைக்கு வருவோம். முதல் வெள்ளிக்கிழமை, மூங்கிலில் கம்பளியைத் தொங்கவிட்டு டோலி கட்டி, எட்டு ஆண்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து அவனை எட்டுக் கிலோமீட்டர் இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஒச்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வெள்ளி நாலு பேர். அதில் ஒருவர் பாதி வழியில் பந்தலில் முறை இருக்கிறது என்று கழன்றுகொள்ள, மிச்ச வழிக்கு ஒச்சம்மா தோள் கொடுத்தாள். அதற்கடுத்த செவ்வாய் விடியற்காலையில் அவள் மூங்கிலை வாசலில் சாத்திவைத்துவிட்டுக் காத்திருந்தாள், பிறகு வீடு வீடாகப் போனாள். வெளியூர் ஆட்கள் மலை ஏறித் தைலத்துக்கு வருகிறார்கள், வரிசையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். தோள்பட்டையில் பிடிப்பு என்றார்கள். அப்போதுதான் குளித்தேன் என்றார் ஒருவர்.

தவசி மட்டும் பதமாகப் பேசினார். “தாயி, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு எதுக்கு மலை எறங்குறீங்க? தைலத்த அடிவயித்துல தேய்ச்சு விடு, ரெண்டு சொட்டு உள்ளுக்கும் குடு. மெஷினு என்னத்தா மெஷினு.”

“அண்ணே, அவருக்குத் தண்ணியே அளந்துதான் குடுக்கச் சொல்லிருக்காக. இதக் குடுக்கச் சொல்றீங்களே.”

“நம்பிக்கை வேணும் தாயி” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்து போனார். ஒரு மாதத்துக்கு முன்னால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்த மனிதர். இத்தனை கால்களை நிமிர்த்திவிட்டிருக்கிறது பைரவன், ஒரு தோள் கிடைக்கவில்லை. கீழேயே தங்கிவிடலாம் என்றால் டவுனில் அவர்களுக்குச் சொந்தமென்று ஒரு கூரை கிடையாது. கையில் ஊசி குத்துகிற இடத்தில் அழுக்குப் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் கண்ட இடத்தில் படுக்கவைக்கவும் பயம். வண்டி ஓடியாக வேண்டும். வண்டி ஓட அச்சு வேண்டும்.

டவுனில் பட்டறை வைத்திருக்கிற லாரன்ஸ், பைரவனை அவள் வாங்கிய நாளிலிருந்து அதற்கு மெக்கானிக். அவனும் இந்த இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு அச்சு கிடைத்தது, இரண்டு விரற்கடை அகலம் குறைவு; மாட்டினால் சக்கரம் உள்ளே போய் ஸ்பிரிங் பட்டையில் உரசும். இன்னொன்று அகலம் சரி, சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட் ஐந்து; பைரவனுக்கு ஆறு. மூன்றாவது எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே பல் எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை.

“அதான்க்கா முக்கியம்” என்றான் லாரன்ஸ். “முன்னச்சுல ஒரு பல்லு கணக்கு, பின்னச்சுல ஒரு பல்லு கணக்குன்னு போட்டா, நாலு வீலும் இழுக்கையில முன்ன ஒரு வேகம் பின்ன ஒரு வேகமாயிரும். ஒங்க மலையில மொத வளைவுலயே ஒடைச்சிக்கிட்டு நிக்கும். குண்டு மேல சின்னதா ஒரு தகடு அடிச்சிருப்பான், அதுல நம்பர் இருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

ஒச்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தகடு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் பைரவனின் அடியில் படுத்து, பொட்டு வைக்கத் தோதாகத் தட்டையாக இருந்த அந்த ஒரு இடத்தில்தான் அவள் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். பழைய பொட்டைச் சுரண்டினால் ஆகாது என்று அதன் மேலேயே வைத்தாள், மழைக்காலத்துச் சேறு அதன் மேல், அடுத்த வருஷச் சந்தனம் சேற்றின் மேல் என்று பதினோரு பொட்டும் சேர்ந்து கல்லாக இறுகிப்போயிருந்தது. இப்போது அதன் மேல் கமிட்டியின் மஞ்சளும் ஏறியிருந்தது. அவள் அரிவாள்மனையோடு பந்தலுக்குள் போனபோது பத்துப் பேர் மறித்தார்கள்.

“சொரண்டுறதா? அச்சு மேல இரும்பு படுறதா?” என்று கத்தினார் மொக்கராசு.

“அதுவே இரும்புதாண்ணே.”

“அது வேற இரும்பு” என்றார் தவசி. அதோடு பேச்சு முடிந்தது.

லாரன்ஸுக்குப் போன் போட்டு ஒச்சம்மா வாய்க்கு வந்தபடி ஊரைத் திட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அக்கா, முன்னச்ச யாராச்சும் கும்புடுறாகளா?” என்றான்.

“அத யாரு சீந்துறா?”

“முன்னதும் பின்னதும் ஒரே கணக்குதானே. முன் வீல்ல ஒன்ன ஜாக்கி போட்டுத் தூக்குங்க, இன்னொன்னு தரையிலயே இருக்கட்டும். தூக்குன வீல ரெண்டு சுத்து சுத்துங்க. நடுவுல வர்ற ராடு எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க.”

பட்டப்பகலில், பின்பாதியில் இருநூறு பேர் தொடையைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, ஒச்சம்மா பைரவனின் முன்பாதிக்கடியில் படுத்து, சக்கரத்தில் ஒரு கோடும் ராடில் ஒரு கோடும் சாக்பீஸால் கிழித்து, கையால் சுற்றி எண்ணினாள். நாலரைக்கு மேல் ஒரு பொட்டு வந்தது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் நாலரைக்கு மேல் ஒரு பொட்டு. ஒருவரும் குனிந்து என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. தைலம் அவள் கிடந்த பக்கமும் வழிந்து வந்து முதுகை நனைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரமும் எண்ணினாள்.

“அப்பிடின்னா ஒம்போதுக்கு நாப்பத்தொண்ணு” என்றான் லாரன்ஸ். “சின்னப் பல்சக்கரத்துல ஒம்போது, பெரிசுல நாப்பத்தொண்ணு. இதத்தான் தேடணும்.”

தேடுவதற்குள் வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. காசிமாயனின் பாதங்கள் முதலில் வீங்கின, பிறகு முகம், பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். நாள் ஒன்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தான். தன் எடை எவ்வளவு இருக்கும் என்று அவனால் சொல்ல முடியாமல் போனதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒச்சம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணத்தில் தைலம் கொண்டுவந்து அவன் பாதத்தில் தேய்த்தாள். ஊர் முழுக்கத் தேய்க்கிறதே, ஒருவேளை, என்று தேய்த்தாள். கணுக்கால் நன்றாகச் சுழன்றது, வீக்கம் ஒரு நூல்கூட வடியவில்லை. “என்னத்தா நாறுது” என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், கழுவிவிட்டு வாந்தி எடுத்தாள். ஊர் மேல் இருந்த அருவருப்பு அன்றைக்குத்தான் அவள் மேலேயே திரும்பியது.

சனிக்கிழமை லாரன்ஸ் அவளைக் காயலான் கடை ஹனீபா பாயிடம் கூட்டிப்போனான். நாற்பது வருஷமாகச் செத்த வண்டிகளைப் பிரித்துப் போடுகிற ஹனீபா பாய், பைரவ் என்று கேட்டதும் கண்ணை மூடி ஞாபகத்தில் தேடினார்.

“நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில ஒண்ணு நின்னுச்சும்மா. வண்டியா இல்ல, கூண்டா. போயிப் பாப்பம்.”

போய்ப் பார்த்தார்கள். பைரவனின் கூடப்பிறந்தது மாதிரியே ஒரு வண்டி, சக்கரம் இல்லாமல், சீட்டு இல்லாமல், உள்ளே முப்பது கோழியோடு செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னச்சின் மேல் ஏழெட்டு வருஷத்து எச்சம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஒச்சம்மா உள்ளே படுத்து, நகத்தாலேயே அதைச் சுரண்டினாள். சந்தனம்போல அது பிடிவாதம் பிடிக்கவில்லை, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. தகடு பளிச்சென்று இருந்தது. ஒன்பது, நாற்பத்தொன்று. அகலம் அளந்தான் லாரன்ஸ், சரி. போல்ட் ஆறு. கோழிப்பீ அப்பிய கையோடு அவள் ஹனீபா பாயைக் கும்பிட்டாள். இரண்டரை வாரமாக மூக்கில் ஏறிய நாற்றங்களில் அது ஒன்றுதான் அவளுக்கு அருவருப்பாக இல்லை.

கழற்றி எடுத்து, பழைய இரும்பென்றால் எடை போட்டுத்தானே வாங்க வேண்டும், தராசில் ஏற்றினார்கள். தொண்ணூற்றெட்டு கிலோ. ஹனீபா பாய் சாக்பீஸால் 98 என்று குண்டின் மேல் பெரிதாக எழுதினார். அன்று மாலை பட்டறையில் வைத்து லாரன்ஸ் அதைக் கழுவி, புது சீல் போட்டு, எண்ணெய் கசிகிற இடமெல்லாம் இறுக்கினான். கழுவியதில் எழுத்து அழிந்துபோக, அவனும் ஞாபகமாக மறுபடி எழுதிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டெம்போ அதை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனது. அதற்குமேல் டெம்போ ஏறாது.

அச்சின் மேல் உட்கார்ந்து ஒச்சம்மா மலையைப் பார்த்தாள். எட்டுக் கிலோமீட்டர். ஒரு மனிதனைத் தூக்க ஆள் வராத ஊர். பிறகு போனை எடுத்துத் தவசியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அடிவாரத்துல இன்னொரு அச்சு வந்திருக்கு. அதே கம்பெனி, அதே வருஷம். சும்மா ஒரு சேதி சொன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மீதியை ஊரே செய்துகொண்டது.

ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது பேர் ஓடி வந்தார்கள், நிமிர்ந்த கால்களால் பாறைக்குப் பாறை தாவி வந்தார்கள், உறுமி வந்தது, மாலை வந்தது, வரிசையில் கூவுகிற மைக் செட்டும் தோளில் தொங்கியபடி வந்தது. வருகிற வழியில் ஒச்சம்மாவின் வீட்டு வாசலில் சாத்தியிருந்த டோலி மூங்கிலையும் எடுத்து வந்திருந்தார்கள். ஒரே பின்னச்சை வைத்துக்கொண்டு கயிறு கட்டிச் சண்டை போட்டு அலுத்துப்போன இரண்டு தெருவும், ஆளுக்கு ஒன்று என்றால் தீர்ந்தது என்று வழியிலேயே பேசி முடித்திருந்தன. புதியது மேலத்தெருவுக்கு, பழையது கீழத்தெருவுக்கு. அச்சை மூங்கிலில் கட்டி, பட்டு சுற்றி, பெண்கள் குலவை போட, தோள் மாற்றத் தள்ளுமுள்ளு நடக்க, எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்டு தூக்கினார்கள். தவசி சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துவிட்டு மைக்கில் முழங்கினார்.

“தொண்ணூத்தெட்டு கிலோ! நம்ம ஊரு தோளு! தொண்ணூத்தெட்டு கிலோவ எங்கயும் தரையில எறக்காமக் கொண்டுபோறோம்! தொண்ணூத்தெட்டு கிலோ!”

எட்டுக் கிலோமீட்டரும் அதையே சொல்லிக்கொண்டு போனார். ஒச்சம்மா லாரன்ஸோடு பின்னால் நடந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் ஊர்வலம் அவள் வீட்டைத் தாண்டித்தான் மந்தைக்குப் போக வேண்டும். காசிமாயன் கதவு நிலையில் சாய்ந்து, வீங்கிய இமைகளை விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். தன் மூங்கிலை அடையாளம் கண்டுகொண்டான். மைக் சொன்னதையும் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

மந்தையில் லாரன்ஸ் சொன்னதெல்லாம் ஒன்றுதான். “வண்டியில மாட்டாத அச்சுல என்னிக்காச்சும் எண்ணெய் வந்துருக்கா? மாட்டிருவோம். ஒரு வண்டிக்கு ரெண்டு பின்னச்சு மாட்ட எடமில்ல. பழசக் கழட்டிக் கீழத்தெருவுல வச்சுக்கங்க.”

கீழத்தெருவுக்குச் சந்தோஷம், மேலத்தெருவுக்கும் சந்தோஷம். இரும்பு படக்கூடாது என்று மறித்த அதே மொக்கராசு ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தார். பின்பாதியை இருபது பேர் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள். பழைய அச்சின் கடைசி போல்ட் கழன்றபோது இரண்டு வாயிலும் எண்ணெய் வழிவது நின்றது. குலவைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. கீழத்தெரு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. புதியது ஏறியது, போல்ட் இறுகியது, மாலை விழுந்தது. மேலத்தெரு பாட்டில்களோடு குனிந்து காத்திருந்தது. புது சீல் போட்ட அச்சிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

அவர்கள் குனிந்தபடியே இருக்க, ஒச்சம்மா பந்தலின் காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பைரவனைக் கிளப்பினாள். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. வீட்டு வாசலில் நிறுத்தி, அவளும் லாரன்ஸும் காசிமாயனை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பின்னாலேயே ஓடி வந்த தவசி, “இரு தாயி, நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்றார்.

“வேணாம்ணே. அச்சத் தூக்குன கை. வலிக்கும்.”

அன்று அவனை அவசரமாக மெஷினில் போட்டார்கள். நர்ஸ் அறுபது என்று கூவிவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று சத்தம் போட்டாள். நாலு நாள் அங்கேயே வைத்துக் கழுவி, வியாழக்கிழமை அனுப்பினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமைக்குக் கிளம்பியபோது மந்தையில் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்பதற்கு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தைலம் நின்ற மூன்றாம் நாளே முழங்கால்கள் பழையபடி மடங்கிவிட்டன, சிலருக்குப் பழையதைவிட மோசமாக. கீழத்தெருவில் பழைய அச்சு மாலையோடு காய்ந்து கிடந்தது, கயிறு கட்ட ஒன்றும் இல்லாததால் இரண்டு தெருவும் ஒரே இடத்தில் நின்றன.

“பெரியாஸ்பத்திரிக்குத்தான் தாயி, முட்டி டாக்டரப் பாக்கணும்” என்றார் தவசி. “வெள்ளிக்கிழம ஒங்க நாளுன்னு தெரியும். என்ன செய்யிறது.”

அவர்கள் மேனியில் ஊறிய கியர் ஆயில் இன்னும் போகவில்லை, வெயில் பட்டுக் கிளம்பி வண்டி வரைக்கும் நாறியது. ஒச்சம்மாவுக்கு அப்படியே காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. முன்சீட்டில் இருந்த காசிமாயன், “ஏறச் சொல்லு” என்றான். அவன் சொன்னதற்காக அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, எட்டுக் கிலோமீட்டரும் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கியபடி ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில், எடை மேடைக்கு எதிர் பெஞ்சில் பன்னிரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நர்ஸ் காசிமாயனைக் கூப்பிட்டாள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடையில் ஏறி நின்றான்.

“ஐம்பத்தொண்ணு!” என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவி எழுதினாள் நர்ஸ்.

காசிமாயன் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தவசியின் பக்கம் திரும்பினான். கோபமெல்லாம் இல்லை, மறந்துபோனதைக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

“அண்ணே, அந்த அச்சு எத்தன கிலோன்னு சொன்னீங்க?”

பன்னிரண்டு பேரும் தங்கள் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.